நூலகரைப் பூட்டி வைப்பது எப்படி?

மைன்கிராஃப்ட் ஆடுகிற யாரிடமும் கேளுங்கள், சொல்லித் தருவார்கள். முதலில் ஒரு கிராமத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அங்கே திரிகிற கிராமவாசி ஒருவரைப் படகில் ஏற்ற வேண்டும். அந்த ஆட்டத்தில் படகு தரையிலும் நகரும், ஏறினவர் தானாக இறங்க மாட்டார். வீட்டுக்கு இழுத்து வந்து, ஒரு கட்டை அகலம், ஒரு கட்டை நீளம் உள்ள அறைக்குள் இறக்கிவிட்டு, எதிரே ஒரு புத்தகப் பீடத்தை வைத்து அடைத்துவிட வேண்டும். பீடம் வந்ததும் அவர் நூலகர் ஆகிவிடுவார். நமக்கு வேண்டிய புத்தகத்தை அவர் விற்கவில்லையா? பீடத்தை உடைத்து மறுபடி வையுங்கள், சரக்கு மாறும். முப்பது முறை, ஐம்பது முறை வையுங்கள். தேய்ந்த கருவிகளைத் தானே சரிசெய்யும் ‘மென்டிங்’ புத்தகம் வந்ததும் ஒரே ஒரு வியாபாரம் முடித்துவிட்டால் போதும். ஆயுசுக்கும் அவர் நூலகர்தான், அந்தப் புத்தகம்தான்.

விலை ஜாஸ்தியா? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். ஆட்டத்தை ‘ஹார்டு’ நிலைக்கு மாற்றி, ஒரு ஸோம்பியை விட்டு அவரைத் தாக்க வைக்க வேண்டும். அந்த நிலையில் அவர் சாக மாட்டார், அவரும் ஸோம்பி ஆகிவிடுவார். பிறகு பலவீன மருந்தை அவர்மேல் வீசி, தங்க ஆப்பிள் கொடுத்துக் குணப்படுத்தினால், நன்றிக்கடனாக விலையைக் குறைப்பார். கணினிப் பதிப்பில் கடிக்கவிட்டுக் குணப்படுத்தி, மறுபடி கடிக்கவிட்டு என்று தள்ளுபடியை அடுக்கிக்கொண்டே போகலாம் என்றிருந்தது. 2023 செப்டம்பரில் வந்த 1.20.2 பதிப்பில்தான், முதல் தடவைக்கு மட்டுமே பெரிய தள்ளுபடி என்று மாற்றினார்கள்.

இப்படி இருபது முப்பது அறைகளை வரிசையாகக் கட்டினால் அதன் பெயர் ‘ட்ரேடிங் ஹால்’. இதெல்லாம் ‘சர்வைவல்’ நுணுக்கங்கள் என்ற தலைப்பின் கீழ் வருகிறது. எனக்குச் சண்டை அந்தத் தலைப்போடுதான்.

நான் இந்த ஆட்டத்தை வெறுக்கிறவன் இல்லை. 2011 நவம்பரில் முழுப் பதிப்பு வந்த காலத்தில் நான் பொறியியல் கல்லூரி மாணவன். விடுதி அறையில் ஒரே கணினியை மூன்று பேர் பங்குபோட்டு ஆடினோம். அதன் முதல் இரவுக்கு ஈடாக வேறு எந்த ஆட்டத்தையும் எனக்குச் சொல்லத் தெரியாது. கையில் ஒன்றுமில்லை. வெறுங்கையால் மரத்தைக் குத்திப் பலகை செய்து, பலகையில் கோடரி செய்து, பொழுது சாய்வதற்குள் மண்ணைக் குடைந்து உள்ளே ஒடுங்கி, வெளியே ஸோம்பிகள் முனகுவதைக் கேட்டபடி விடியலுக்குக் காத்திருக்க வேண்டும். அது பிழைத்திருத்தல், மறுப்பே இல்லை. ஆனால் அது எத்தனை நாள்? மூன்றாம் நாள் ஆடு கிடைத்துவிடும், கம்பளி கிடைத்துவிடும், கட்டில் போட்டுவிடலாம். பத்தாம் நாள் கோதுமை விளைந்துவிடும். அதற்குமேல் உங்களைக் கொல்ல அந்த உலகத்தில் பெரிதாக எதுவுமில்லை, நீங்களாகத் தேடிப்போனால் தவிர. அதற்குப் பிறகு நடப்பதற்குப் பெயர் பண்ணை நடத்துவது. பண்ணையாருக்கு எதற்குப் பிழைக்க வழி தெரியாதவன் வேஷம்?

2023 ஆகஸ்டில் மோஜாங் நிறுவனம் ஒரு மாற்றத்தைச் சோதனைக்கு விட்டது. இனி எல்லா நூலகரும் எல்லாப் புத்தகமும் விற்க மாட்டார், அவர் எந்த நிலப்பகுதிக்காரர் என்பதைப் பொறுத்துத்தான் சரக்கு என்றது. மென்டிங் வேண்டுமென்றால் சதுப்பு நிலத்து நூலகர்தான், அதுவும் அவர் தொழிலில் உச்சநிலைக்கு வந்த பிறகு. சதுப்பு நிலத்தில் இயல்பாகக் கிராமமே உருவாகாது. ஆட்களைக் கொண்டுபோய்க் குடிவைத்து, அங்கே பிள்ளை பிறந்தால்தான் உண்டு. ஆட்டக்காரர்கள் கொதித்துப் போனார்கள். இத்தனை தூரம் யார் இழுப்பது, எத்தனை மணிநேரம் வீண், எங்கள் ஹால் என்ன ஆவது என்று பக்கம் பக்கமாக வாதம். கடைசியில் அது, வேண்டியவர்கள் போட்டுக்கொள்ளலாம் என்கிற சோதனை அம்சமாகவே நின்றது.

அந்த வாதங்களை உட்கார்ந்து படித்தேன். போக்குவரத்துச் செலவு பேசினார்கள், நேரம் பேசினார்கள். பூட்டி வைப்பதைப் பற்றி எப்போதாவது பேச்சு வந்தால் கிண்டலாகத்தான் வந்தது. ‘ஜெயில்’ என்பார்கள், ஒரு சிரிப்புப் பொம்மை போடுவார்கள், அடுத்த வரியில் அறையை இன்னும் சிக்கனமாகக் கட்டுவது எப்படி என்று ஆரம்பிப்பார்கள்.

போன மே மாதம் களமருதூரில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணன் மகன் ஏழாவது முடித்திருந்தான். என் மடிக்கணினியில் இரண்டே நாளில் பதினான்கு அறையுள்ள ஹால் கட்டிவிட்டான். வெயில் தாழ்ந்த நேரம், திண்ணையில் ஆயாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தான். ஆயாவுக்கு வயது எண்பதுக்கு மேல்.

“என்னாடா இது, மாட்டுக் கொட்டாயா?”

“இல்ல ஆயா, ஆளுங்க.”

“ஆளுங்கன்னா படுக்க எடம் எங்க?”

“இவங்களுக்குப் படுக்கை வேணாம் ஆயா. இல்லன்னாலும் வேலை நடக்கும்.”

ஆயா கொஞ்ச நேரம் திரையையே பார்த்தது. பிறகு, “எங்க அண்ணன இப்படித்தான் வுட்டுட்டு வந்தாங்க” என்றது. எனக்கு இது புதுச் செய்தி. ஏதோ ஒரு பஞ்ச வருஷத்தில் இரண்டு மூட்டை கம்பு வாங்கிக்கொண்டு, பத்து வயதுப் பையனை மாடு மேய்க்க ஒரு பண்ணை வீட்டில் விட்டிருக்கிறார்கள். நாலு வருஷம். “அடிச்சாங்களா ஆயா?” என்று கேட்டேன். “அடிக்கல்லாம் மாட்டாங்க. நல்ல மனுசங்கதான். கூழு ஊத்துனாங்க, துணி எடுத்துக் குடுத்தாங்க. போவத்தான் வுடல.”

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் என் தொழில். இந்த ஆட்டத்தின் நிரலில் ஊர்ப்பேச்சு என்று ஓர் ஏற்பாடு உண்டு. 2019 ஏப்ரலில் வந்த 1.14 பதிப்பிலிருந்து கிராமவாசிகள் உங்களைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். ஒருவரை நீங்கள் அடித்தால் அது கெட்ட பேராகப் பதிவாகும், அவர் பக்கத்து ஆளிடம் சொல்லுவார், விலை ஏறும். குணப்படுத்தினால் நல்ல பேர். ஆனால் பூட்டி வைத்தால்? ஒன்றுமில்லை. நிரலில் அதற்குக் கணக்கே கிடையாது. ஸோம்பியை உள்ளே விட்டவரும் குணப்படுத்தியவரும் ஒரே ஆள்தானே என்றும் அது கேட்காது. அடித்தால்தான் குற்றம், போகவிடாமல் வைத்தால் குற்றமில்லை. ஆயாவின் அண்ணனை வைத்திருந்த வீட்டுக்காரர்களும் இதே நிரலில்தான் ஓடினார்கள். ‘நல்ல மனுசங்க’ என்ற பேர் அவர்களுக்கு அப்படித்தான் மிஞ்சியது.

இந்த இடத்தைச் சரியாகப் பிடித்தது 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம். முன்பணத்துக்கு ஈடாக ஒருவர் வேறு இடத்தில் வேலை தேடும் உரிமையை, விரும்பிய இடத்துக்குப் போகும் உரிமையை இழந்திருந்தால் அதுவே கொத்தடிமை என்றது. அடி விழுந்திருக்க வேண்டும் என்று கேட்கவில்லை. அதே 1976-இல்தான் எங்கள் மாவட்டத்தின் மேற்கே கல்வராயன் மலையை ஜாகிர்தார்களின் கையிலிருந்து அரசு எடுத்துக்கொண்டது. நாடு சுதந்திரம் வாங்கி இருபத்தொன்பது வருஷம் கழித்து. இன்றும் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் முன்பணம் வாங்கிக்கொண்டு போகிற குடும்பங்கள் இந்தப் பக்கத்தில் உண்டு. பூட்டிய அறை எங்களுக்கு வேற்றுக்கிரகச் சமாச்சாரம் இல்லை.

‘யோவ், அது வெறும் பிக்சல்’ என்பீர்கள். தெரியும். நிரல் எழுதிச் சம்பளம் வாங்குகிறவனுக்கு, அந்த நூலகர் சில எண்கள் மட்டுமே என்பது தெரியாதா? அவருக்காக நான் அழவில்லை. இந்த ஆட்டத்தை ஆடும் பையன் வளர்ந்து பண்ணையார் ஆவான் என்ற பூச்சாண்டியும் காட்டவில்லை. எனக்குக் கவலை நம் வாயில் பழகும் பேச்சைப் பற்றி. என் வேலையிடத்தில் மனிதர்களுக்கு ‘ரிசோர்ஸ்’ என்று பெயர். “ரெண்டு ரிசோர்ஸ் சும்மா இருக்கு” என்று நானே அட்டவணையில் எழுதியிருக்கிறேன். அதில் ஒருத்தர் மகப்பேறு விடுப்பு முடிந்து அப்போதுதான் திரும்பியிருந்தார். எழுதும்போது எனக்குக் கை கூசவில்லை. கூசாமல் போனதற்குப் பல வருஷப் பேச்சுப் பழக்கம் வேண்டும். விளையாட்டுப் பேச்சும் பேச்சுதான்.

‘சதுரங்கத்தில் சிப்பாயை வெட்டுகிறாயே’ என்று அடுத்த வாதம் வரும். சிப்பாய்க்குச் சதுரங்கம் வீடு கொடுக்கவில்லை. மைன்கிராஃப்ட் கொடுக்கிறது. காலையில் எழுந்து வேலைக்குப் போகவும், பிற்பகலில் ஊர்மணி பக்கம் கூடிப் பேசவும், இருட்டினால் கட்டிலுக்குத் திரும்பவும் அந்தக் கிராமவாசிக்கு நிரல் எழுதியிருக்கிறார்கள். நீங்கள் அதையெல்லாம் உரித்து எடுத்துவிட்டுத்தான் ஹால் கட்டுகிறீர்கள். மணியையும் கட்டிலையும் வீண் செலவு என்று பார்க்கக் கற்றுக்கொண்ட கண் அது.

ஆட்டம் உங்களைக் கட்டாயப்படுத்தவும் இல்லை. கிராமத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பி, உள்ளே தீப்பந்தம் நட்டால் போதும், ஸோம்பி வராது. அவர்களை அவர்கள் வீட்டிலேயே விட்டுவிட்டு நீங்கள் கடைக்குப் போகிற மாதிரி போய் வாங்கலாம். பீடம் அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தால், தினம் இரண்டு முறை சரக்கைத் தானே நிரப்பிக்கொள்வார். உங்களுக்கு நட்டம் ஒன்றுதான். அவரைத் தேட வேண்டும்.

ஆகவே, ‘சர்வைவல்’ வழிகாட்டி எழுதுகிற, வீடியோவில் கத்துகிற நண்பர்களே, ஹால் கட்டுவதை நிறுத்துங்கள் என்று நான் சொன்னால் நீங்கள் கேட்கப் போவதில்லை. குறைந்தபட்சம் அதைப் பிழைக்கும் வழி என்று சொல்லாதீர்கள். உங்கள் பேச்சைக் கேட்கிற பையன்களின் வீட்டுத் திண்ணையில், நிஜமாகவே பிழைத்து வந்தவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஊருக்குக் கிளம்பும் அன்று அண்ணன் மகன் கேட்டான்: “அப்ப மென்டிங் எப்படிக் கிடைக்கும் சித்தப்பா?”

“தூண்டில் போட்டா சில சமயம் மாட்டும். பழைய பெட்டிகள்லயும் இருக்கும்.”

“ரொம்ப நேரம் ஆவுமே.”

“ஆவும்தான்.”

அவன் ஹாலை உடைத்தானா என்று நான் கேட்கவில்லை. என் உலகத்தில் இப்போது ஒரு நூலகர் இருக்கிறார். நேற்று ராத்திரி புத்தகம் வாங்கப் போனேன், தூங்கிக்கொண்டிருந்தார். தூங்குகிறவரிடம் வியாபாரம் நடக்காது. விடிகிற வரைக்கும் வாசலில் நின்றேன்.