போதை என்பது வியாதி

நம் குமாரபாளையம் சேலம் மாவட்டத்தோடு இருந்த காலம். சென்னை மாகாணத்திலேயே முதலாவதாக, 1937 அக்டோபர் 1 அன்று, ராஜாஜி அமைச்சரவை மதுவிலக்கைக் கொண்டுவந்தது அந்தச் சேலம் மாவட்டத்தில்தான். குறைந்த வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி வந்தது. பிறகு மதுவிலக்கு போனது, வந்தது, மறுபடி போனது. 2003 முதல் டாஸ்மாக் மூலம் அரசே சில்லறையில் விற்கிறது. சாராயத்தின் கதை நம் தலைமுறைக்குத் தெரியும்.

பேரன்மார் தலைமுறையைப் பிடித்திருப்பது வேறு. அதற்கு வாடை கிடையாது. அது வலி மாத்திரை.

கடும் வலிக்கு டாக்டர் சீட்டின் பேரில் மட்டும் தரவேண்டிய டேபென்டடால் போன்ற மாத்திரைகளைப் பொடித்து, தண்ணீரில் கரைத்து, ஊசியில் ஏற்றிக்கொள்கிறார்கள். பத்திரிகையில் இந்தச் செய்தியை அடிக்கடி பார்க்கிறோம். தறிப்பட்டறையில் இரவு ஷிப்ட் பார்க்கும் பையன் உடம்பு வலிக்கென்று தொடங்கலாம். கல்லூரி விடுதியில் சிநேகிதன் நீட்டியதிலும் தொடங்கலாம். மாத்திரையில் சேர்க்கும் கரையாத மாவுப்பொருள் ரத்தக் குழாயை அடைக்கும். ஒரே ஊசியை நாலு பேர் பகிர்ந்தால் எச்.ஐ.வி.யும் கல்லீரலைக் கெடுக்கும் கிருமிகளும் பரவும். அளவு மீறினால் மூச்சு மெதுவாகி, தூக்கத்திலேயே நின்றுவிடும். அமெரிக்காவில் 1996-ல் ஆக்ஸிகாண்டின் என்ற வலி மாத்திரை டாக்டர் சீட்டோடுதான் வந்தது. அதற்குப் பின் அங்கே இவ்வகை மருந்துகளால் லட்சக்கணக்கானோர் மாண்டார்கள்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் இந்தப் பழக்கத்துக்கு 'தொக்ஸிகொமனி' என்று பெயர். நஞ்சின் மேல் பித்து என்று பொருள். நம் 'போதை' என்ற சொல்லில் களிப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால்தானோ என்னவோ, பையன் திமிரெடுத்து ஆடுகிறான் என்று அடிக்கிறோம், அறையில் பூட்டுகிறோம். மாத்திரை நின்ற மறுநாளே உடம்பு முறுக்கும், வாந்தி பேதியாகும், தூக்கம் வராது. வைத்தியம் இல்லாமல் வைராக்கியத்தால் மட்டும் இதைத் தாண்டுவது மிகக் கடினம்.

'வெளியே தெரிந்தால் நாளைக்கு யார் பெண் கொடுப்பார்கள்?' என்று மூடி மறைப்பதுதான் பெரிய ஆபத்து. கஞ்சா, அபின் முதலியவற்றுக்கான 1985-ஆம் ஆண்டுச் சட்டமே, 64ஏ பிரிவில், அடிமையானவனை நோயாளியாகப் பார்க்கிறது. சிறு அளவு வைத்திருந்த வழக்கில் சிக்கியவனும், தானே முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் முழுச் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குப் பெற வழியுண்டு. விற்பவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. சட்டத்துக்கு இருக்கும் இரக்கம் பெற்றவர்களுக்கு இருக்கவேண்டாமா?

வீட்டில் சும்மா இருக்கும் நாம்தான் கவனிக்க முடியும். சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டை, பகலெல்லாம் மயக்கம், ஊசிமுனையாய்ச் சுருங்கிய கண்மணி, காணாமல் போகும் பணம் – இவை கண்ணில் பட்டால் ஊருக்குப் பயப்படாதீர்கள். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். 14446 என்ற இலவச எண்ணிலும் ஆலோசனை கேட்கலாம். நம் அலமாரியில் மிச்சமிருக்கும் வலி மாத்திரைகளையும் இன்றே எண்ணிப் பாருங்கள்.