போதகருக்குச் செய்யும் மரியாதை

சேரிச் சபையொன்றில் நெடுங்காலம் ஊழியம் செய்த போதகர் மறைந்தால், நினைவுக் கூட்டம் நடத்துகிறோம். நினைவு மலர் வெளியிடுகிறோம். அவர் எழுப்பிய ஆலயத்தையும் அளித்த ஞானஸ்நானங்களையும் எண்ணிச் சொல்கிறோம். அவரால் படித்து முன்னேறியோர் மேடையேறிக் கண்கலங்குகின்றனர். இவை யாவும் தகும். ஆனால், அவ்வூழியத்திற்காக அவர் இழந்த உரிமை எந்த மலரிலும் அச்சேறுவதில்லை.

1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, தன் மூன்றாம் பத்தியின் வழியே, இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். தலித் கிறித்தவரும் தலித் இசுலாமியரும் இன்றும் வெளியே நிற்கின்றனர். இதனால் சபையார் பலர் ஞாயிறன்று ஆலயத்திலும், மறுநாள் 'இந்து' என்னும் சான்றிதழோடு அலுவலக வாயிலிலும் நிற்க நேர்கிறது. இந்த இரட்டை வாழ்வைச் சட்டமே அவர்கள்மேல் சுமத்தியது. போதகருக்கோ அந்த ஒதுங்கிடமும் இல்லை. அவரது அங்கியே அவரை அறிவித்துவிடுகிறது.

2025 ஏப்ரலில் ஆந்திர உயர்நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இதற்குச் சான்று. சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியதாகப் போதகர் ஒருவர் தொடுத்த வன்கொடுமை வழக்கை அது ரத்து செய்தது. அவரிடம் பட்டியல் சாதிச் சான்றிதழ் இருந்தது. எனினும், பத்தாண்டுகளாகப் போதகராய் இருப்பவர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பைக் கோர இயலாது என்பதே முடிவு. சபையில் பெருமையாக எண்ணப்படும் ஊழிய ஆண்டுகள், நீதிமன்றத்தில் அவருக்கே எதிரான ஆதாரமாயின. வசைபாடுவோர் மதம் கேட்டுவிட்டா வசைபாடுகின்றனர்?

மதம் மாறினால் சாதி நீங்கிவிடும் என்பதே இத்தீர்ப்புகளின் அடிப்படை. தமிழ்நாட்டில் சில ஊர்களின் கிறித்தவக் கல்லறைத் தோட்டங்கள் சாதிவாரியாகப் பிரிந்து கிடப்பதே அதற்கு மறுப்பு. திருச்சபைகளும் இதற்குப் பொறுப்பேற்க வேண்டும். உரிமை கோரி அரசிடம் நீட்டும் கை, கல்லறைத் தோட்டத்தின் சுவரையும் இடிக்க வேண்டும்.

இவ்விலக்கை நீக்குமாறு ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இலேயே பரிந்துரைத்தது. ஒன்றிய அரசோ 2022இல் பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையம் அமைத்தது. தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரல் 19 அன்று, தலித் கிறித்தவருக்குப் பட்டியல் சாதித் தகுதி கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. அத்தீர்மானம் ஒவ்வொரு சபையிலும் ஒலிக்க வேண்டும்.

இனி நடத்தும் நினைவுக் கூட்டங்களில் இரங்கல் தீர்மானத்தோடு, மூன்றாம் பத்தியை நீக்கக் கோரும் தீர்மானத்தையும் நிறைவேற்றுவோம். போதகரின் பிள்ளைகளுக்கு மறுக்கப்பட்ட உரிமையை மீட்பதே அவருக்கு நாம் செய்யும் மெய்யான மரியாதை.