பற்றரியின் ஆயுளும் பாமரர் பணமும்

வாகன இறக்குமதிக்கு 2020 மார்ச்சில் விதிக்கப்பட்ட தடை, தனியார் வாகனங்களுக்கும் 2025 பெப்ரவரியில் நீங்கியது. அதன்பின் புதிய மின்சாரக் கார்கள் நாட்டுக்குள் வருகின்றன. தடைக்கு முன்னர் யப்பானிலிருந்து வந்த பழைய நிசான் லீஃப் கார்களும் கைமாறி வருகின்றன. கொக்குவிலிலே கார் வாங்க எண்ணும் ஒருவர் விலையைக் கேட்கிறார், நிறத்தைப் பார்க்கிறார், ஓடிய தூரத்தை விசாரிக்கிறார். காரின் உயிராகிய பற்றரியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. மக்களின் சேமிப்புப் பணம் பாழாவது இந்த இடத்திலேதான் என்பதை நாம் எடுத்துரைக்க வேண்டியிருக்கிறது.

பற்றரி ஓடும்போது மட்டும் முதுமையடைவதில்லை. சும்மா நிற்கும்போதும் முதுமையடைகிறது. அதன் எதிர்மின்வாயின்மேல் மெல்லிய படலமொன்று நாளடைவில் தடித்து, இலிதியத்தைச் சிறைப்படுத்திக் கொள்கிறது. சிறைப்பட்ட இலிதியம் மீண்டும் வேலைக்கு உதவாது. இக்கேட்டை விரைவுபடுத்துவன இரண்டு: ஒன்று வெப்பம், மற்றொன்று நிறைந்த மின்னேற்றம். நூறு வீதமும் நிரப்பி, வெயிலிலே நாள் முழுதும் காரை நிறுத்திவைப்போர் இவ்விரண்டையும் ஒருங்கே வரவழைக்கின்றனர்.

இது வெறுங் கற்பனையன்று. 2010 டிசம்பரில் விற்பனைக்கு வந்த லீஃப் காரின் பற்றரிக்குத் தனியான குளிர்விக்கும் பொறி இல்லை. 2012இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து வெயிலில், அக்காரின் கொள்ளளவு விரைந்து குறைகிறதென்ற முறைப்பாடு பெரிதாக எழுந்தது. ஆண்டு முழுவதும் வெம்மை நிலவும் யாழ்ப்பாணத்தார்க்கு இது எச்சரிக்கையன்றோ?

ஆகவே, நாளாந்தத் தேவைக்கு எண்பது வீதத்தோடு நிறுத்துவது நன்று. கொழும்புப் பயணம் போன்ற நெடுந்தூரத்துக்கு மட்டும் முழுதும் நிரப்பலாம். அதுவும் புறப்படும் வேளைக்குச் சற்று முன்னர் நிறைவுறுமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். வெப்பத்தைப் பெருக்கும் அதிவேக மின்னேற்றம் அவசரத்துக்கே உரியது. எனினும் எல்லாப் பற்றரிக்கும் ஒரே விதி பொருந்தாது. இலிதியம் இரும்புப் பொசுபேற்று வகையை இடையிடையே முழுதும் நிரப்பும்படி உற்பத்தியாளரே கூறுவதுண்டு. கைந்நூலைப் படித்து நடப்பதே அறிவுடைமை.

ஆனால், பழியனைத்தையும் கார் உரிமையாளர் தலையிற் சுமத்துவது நீதியாகுமா? யப்பானிய எழுத்திலே திரை காட்டும் காரை வாங்கியவர் எந்தக் கைந்நூலைப் படிப்பார்? 2025 ஏப்ரில் புத்தாண்டு விடுமுறையில் மின்தேவை குறைந்தபோது, கூரைச் சூரியகலங்களைப் பகலிலே நிறுத்திவைக்குமாறு அதிகாரிகள் மக்களை வேண்டினர். பகலில் மின்சாரம் மிஞ்சுகிறது. கார்களோ இரவில் வீட்டிலே நிரப்பப்படுகின்றன. வேலைத்தலங்களிலும் சந்தைகளிலும் நிழற்கூரையுடன் மெதுவாக மின்னேற்றும் வசதியை அமைத்தால், மிஞ்சும் மின்சாரமும் பயன்படும், பற்றரியும் பிழைக்கும்.

நாம் கேட்பவை மூன்று. பழைய மின்சாரக் கார் விற்கப்படும்போது பற்றரியின் எஞ்சிய கொள்ளளவைக் காட்டும் சான்றிதழ் கட்டாயமாக்கப்பட வேண்டும். விற்பவர் தமிழிற் கைந்நூல் வழங்க வேண்டும். பற்றரியைச் சோதித்துத் திருத்தும் பயிற்சி நம் இளைஞருக்குக் கிடைக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் மின்சாரக் கார்ப் பற்றரிகளுக்கு 2027 பெப்ரவரி 18 முதல் விபரக் கடவுச்சீட்டை விதித்திருக்கிறது. அங்குள்ளோர் பணம் பணம், இங்குள்ளோர் பணம் பதரோ?

1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் பற்றரி இங்கு கிடைத்தற்கரிய பொருளாயிற்று. சைக்கிளின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட மக்கள் நாம். பற்றரியின் அருமையை நமக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. அதன் உண்மை நிலையை மறைக்காது சொல்லும் சட்டமே இன்று வேண்டுவது.