மழலைக்கு வாய்ப்பூட்டா?

1956ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் காலிமுகத் திடலிலே சத்தியாக்கிரகிகள் அடிபட்டது எதற்காக? பிறர் மொழியை எம்மீது சுமத்த எவருக்கும் உரிமையில்லை என்பதற்காக அன்றோ! அத்தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இன்று தாய் தந்தையர். அவர்கள் தம் மூன்று வயதுக் குழந்தையை எங்கே அனுப்புகின்றனர்? “இங்கே தமிழ் பேசலாகாது” என்பதை எழுதாச் சட்டமாக வைத்திருக்கும் ஆங்கிலப் பாலர் பாடசாலைக்கு! சிங்களம் மட்டும் என்ற சட்டத்தை எதிர்த்தவர் இல்லத்திலே, ஆங்கிலம் மட்டும் என்ற சட்டம் விவாதமின்றி நிறைவேறிவிட்டது.

நாம் ஆங்கிலத்தின் பகைவரல்லர். இதை முதலிலேயே சொல்லிவிடுதல் நன்று. இல்லையேல் பட்டணத்து நண்பர்கள் பாதியிலேயே பத்திரிகையை மடித்துவிடுவர். விளங்காத ஆங்கிலப் பத்திரத்திலே கையொப்பமிட்டுவிட்டு, “காணியைக் காப்பாற்றித் தாருங்கள் ஐயா” என்று வந்து நின்ற கமக்காரரை நாம் கண்டிருக்கின்றோம். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக்கிற்று. அவ்விணைப்பு மொழி கமக்காரன் பிள்ளைக்கும் வேண்டும். எமது வழக்கு ஆங்கிலத்தின் மீதன்று. அதனைக் குழந்தைக்குப் புகட்டும் முறையின் மீதே.

எமக்குத் தெரிந்த சிறுமி ஒருத்தி. வயது நான்கு. வெளியே போகவேண்டும் என்பதை ஆங்கிலத்திலே சொல்லத் தெரியாது. தமிழிலே சொல்ல அச்சம். வாய்மூடி இருந்து, நனைந்த சட்டையோடு வீடு வந்து சேர்ந்தாள். மாதக் கட்டணம் மாத்திரம் தவறாமல் அறவிடப்பட்டது. அவள் அன்று கற்றது ஆங்கிலமா? பேசினால் தண்டனை, பேசாவிட்டால் பிழைப்பு என்ற பாடத்தை அன்றோ கற்றாள்! வாய் திறக்க அஞ்சும் பிள்ளைக்கு எந்த மொழிதான் வரும்?

குழந்தை மொழியைச் செவியாற் கற்கின்றது. தாய்மொழியையே எண்ணற்ற நாட்கள் கேட்ட பின்னர்தான் ஒரு சொல்லை உதிர்க்கின்றது. பிறமொழிக்கும் வழி அதுவே. பாட்டு, கதை, விளையாட்டு. கேட்டுக் கேட்டு நடித்துப் பழகுதல். “பந்தை எடு” என்பதை ஆங்கிலத்திலே சொல்லிப் பந்தைக் காட்டினால் போதும், பிள்ளை எடுத்துவிடும். எழுத்துக்கு அவசரமில்லை. ஒரே உயிரெழுத்து ஒரு சொல்லிலே ‘பட்’ என்றும் மற்றொன்றிலே ‘புட்’ என்றும் ஒலிக்கும் விந்தை மொழியது. எழுதியவாறே வாசிக்கத்தக்க தமிழிலே வாசிப்பின் இரகசியத்தைக் கண்டுகொண்ட பிள்ளை, அந்த விந்தையையும் பின்னர் எளிதில் வெல்லும். தாய்மொழியே குழந்தைக்குச் சிறந்த போதனாமொழி என்று யுனெஸ்கோ 1953இலேயே அறிவித்தது. வாரத்துக்குச் சில மணி நேரமே கிடைக்கும் வகுப்பறையிலே, சிறு குழந்தையைவிடச் சற்று வளர்ந்த பிள்ளை விரைந்து கற்கின்றது என்பதையும் ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். உச்சரிப்பிலே இளஞ்செவிக்கு மேன்மையுண்டு, மறுக்கவில்லை. ஆயின் அந்த உச்சரிப்பைத் தரவேண்டிய ஆசிரியைக்கே அது கைவராதபோது, அவசரம் யாருக்காக?

“எம் முன்னோர் ஆங்கிலத்தாலேதான் உயர்ந்தனர்” என்பர் சிலர். எந்த முன்னோர்? 1823இல் வட்டுக்கோட்டையில் எழுந்த அமெரிக்க மிஷனரிமாரின் செமினரி ஆங்கிலத்தோடு தமிழையும் கற்பித்தது. அங்கே பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரானார். அவரே 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். தமிழை வாயிலுக்கு வெளியே விட்டுவந்த மாணவர் செய்யக்கூடிய காரியமா அது?

இவ்விடத்தே பெற்றோரை மாத்திரம் ஏசிப் பயனில்லை. அரசாங்கப் பாடசாலையிலே ஆங்கிலம் ஒழுங்காகக் கிடைத்தால், தாலிக்கொடியை அடகுவைத்துத் தனியார் வாயிலிலே நிற்க எவருக்கு மனம் வரும்? தொண்ணூறுகளின் இறுதியில் வந்த கல்விச் சீர்திருத்தம் முதலாம் ஆண்டிலிருந்தே செயற்பாட்டு வழி வாய்மொழி ஆங்கிலத்தையும், மூன்றாம் ஆண்டிலிருந்து அதனை ஒரு பாடமாகவும் வகுத்தது. நல்ல திட்டம், குறைகூற மாட்டோம். ஆனால் வன்னிக் கிராமத்திலே அதை நடத்துவதற்கு ஆள் எங்கே? நியமனம் பெறுவோர் இடமாற்றம் கேட்டுப் பட்டணத்துக்கு ஓடுவர். எம் பிரதிநிதிகளோ மேடையிலே தமிழன்னையை வணங்கிவிட்டு, அந்த இடமாற்றக் கடிதத்துக்கே சிபாரிசு எழுதுவர்!

ஆகவே, கமக்காரர் சங்கத்தினரே, வைத்தியரே, பொறியியலாளரே, ஒரு காரியம் செய்யுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்கள் கையிலே உண்டு. உங்கள் வலயக் கல்விப் பணிமனைக்கு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். எத்தனை ஆரம்பப் பாடசாலைகளில் ஆங்கில ஆசிரியர் இல்லை? எத்தனை ஆண்டுகளாக இல்லை? கடந்த ஐந்தாண்டுகளில் இடமாற்றம் பெற்றோர் எத்தனை பேர், யாருடைய சிபாரிசில்? விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதுங்கள்; பதிலையும் தமிழிலேயே கேளுங்கள். கிடைக்கும் பதிலை எமக்கு அனுப்பினால், அடுத்த தேர்தற் கூட்டத்திலே அதை வாசிக்க ஆவன செய்வோம்.