பத்து மணி நேரமும் ஒன்பது இடமும்

 

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தங்கை மகன் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். காலையில் எழும்பூரில் இறங்கி, இரவு சென்ட்ரலில் வடக்கே போகும் ரயிலைப் பிடிப்பவர்கள், இடையில் கிடைக்கும் பத்து மணி நேரத்தில் சென்னையில் ஒன்பது இடங்களைப் பார்த்துவிடலாமாம். மெரினா, சாந்தோம், கபாலீசுவரர் கோவில், பெசன்ட் நகர், ரங்கநாதன் தெரு, கடைசியில் ஒரு மால். "மாமா, இது உங்களுக்குத்தான்" என்று கீழே எழுதியிருந்தான். மகள் போபாலில் இருக்கிறாள். வருடத்துக்கு இரண்டு முறையாவது நானும் வீட்டுக்காரியும் இந்த வழியாகத்தான் போகிறோம்.

வாத்தியார் புத்தி போகாது, கணக்குப் போட்டேன். ஒன்பது இடம் என்றால் பத்துப் பயணம். ஒன்றுக்கு அரை மணி என்று வைத்தாலே ஐந்து மணி நேரம் ஆட்டோவில் போய்விட்டது. மீதி ஐந்து மணியை ஒன்பதால் வகுத்தால் இடத்துக்கு அரை மணி சொச்சம். அதற்குள் செருப்பை விட வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், சாப்பிட வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும். இதற்குப் பெயர் பார்ப்பதா? வருகைப் பதிவேட்டில் டிக் அடிக்கிற வேலை. அதை முப்பத்து நான்கு வருடம் சம்பளத்துக்குச் செய்தவன் நான், சும்மா செய்ய மாட்டேன்.

கடலே பார்க்காத பிள்ளை கூட வந்தால் மெரினாவுக்கு முதலில் கூட்டிப் போங்கள், அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் எங்கள் பக்கத்து ஆளுக்கு மெரினா எதற்கு? திருச்செந்தூரில் இல்லாத கடலா?

இன்னொரு கூட்டம் இருக்கிறது. "சென்னையில என்ன இருக்கு, ஒரே வெயிலும் நெரிசலும்" என்று காத்திருப்போர் அறையிலேயே பொழுதைக் கழிக்கிறவர்கள். அவர்களைத் திட்ட எனக்கு முழு உரிமை உண்டு, ஏனென்றால் பல வருடம் நானே அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன். பெட்டியைக் காலுக்கடியில் வைத்து, செய்தித்தாளை வரி விடாமல் படித்து, இரண்டு முறை காப்பி குடித்து, தூங்கி எழுந்தால் சாயங்காலம். அந்தப் பெஞ்சிலிருந்து பதினைந்து நிமிட நடையில் பாந்தியன் சாலையில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. 1851இல் தொடங்கியது.

நான் வேலை பார்த்த நடுநிலைப் பள்ளி ஸ்ரீவைகுண்டம் பக்கம். ஆதிச்சநல்லூர் பறம்பு எங்களுக்குப் பேருந்து ஜன்னலில் தெரியும் இடம். சமூக அறிவியல் பாடத்தில் முதுமக்கள் தாழியைக் கரும்பலகையில் வரைந்து காட்டுவேன், நன்றாகவே வரைவேன். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் எட்டாம் வகுப்புப் பையன் ஒருத்தன் எழுந்து, "சார், தோண்டி எடுத்ததையெல்லாம் நீங்க பாத்திருக்கியளா?" என்று கேட்டான். "அதெல்லாம் ஜெர்மனியில பெர்லின்ல இருக்குடே" என்றேன். வகுப்பு ஆச்சரியப்பட்டது. பையன் உட்கார்ந்துவிட்டான்.

நான் சொன்னது பாதி உண்மை. 1876இல் யாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போயின. ஆனால் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை தோண்டியவை வந்து சேர்ந்தது எழும்பூருக்கு. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் பெர்லின் என்றேன். எழும்பூர் என்று சொல்லியிருந்தால் "ஏன் சார் போகல?" என்று அடுத்த கேள்வி வந்திருக்கும்.

கடைசியில் போனது என் முயற்சியால் அல்ல. இரண்டு வருடங்களுக்கு முன் ஒருநாள், "இங்கனயே உக்காந்திருக்கதுக்கு எங்கயாவது போவோம்" என்று வீட்டுக்காரிதான் கிளப்பினாள். பெட்டிகளை க்ளோக் ரூமில் போட்டோம் (பயண டிக்கெட் வேண்டும்; பூட்டாத பையை எடுக்க மாட்டார்கள், ஒரு சின்னப் பூட்டு கொண்டு போங்கள்). தாழி, இரும்பு ஆயுதங்கள், பறவையும் மிருகமும் வைத்து வார்த்த வெண்கல மூடிகள். அவள் எட்டாம் வகுப்போடு நின்றவள். தாழியைச் சுற்றி வந்து, "இது நம்ம ஊரு மண்ணுல்லா" என்றாள். நான் ஒன்றும் பேசவில்லை.

அங்கிருந்து அமராவதிச் சிற்பங்கள். கிருஷ்ணா நதிக்கரைப் பௌத்தத் தூபியிலிருந்து 1845இல் வால்டர் எலியட் பெயர்த்து அனுப்பியவை. அதில் பெரும் பங்கு லண்டனுக்குப் போய்விட்டது. மீதியைப் பார்க்க விசா வேண்டாம், பெஞ்சை விட்டு எழுந்தால் போதும். செப்புத் திருமேனிக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராசர் முன்னால் மட்டும் அரை மணி நின்றோம். அதே வளாகத்தில் 1896இல் திறந்த கன்னிமாரா நூலகத்துக்கும் ஒரு எட்டுப் போனோம். மதியச் சாப்பாடு தாமதமானதுதான் ஒரே கஷ்டம். சென்ட்ரலுக்கு மெட்ரோவில் ஒரே நிறுத்தம்.

அன்று நாங்கள் பார்த்தது ஒரே வளாகம். மருமகன் கணக்குப்படி எட்டு இடம் நஷ்டம். இப்போது ஆதிச்சநல்லூரிலேயே 2023இல் தள அருங்காட்சியகம் வந்துவிட்டது. இனி எந்த வாத்தியாரும் பெர்லினைச் சொல்லித் தப்பிக்க முடியாது.

ஒரு எச்சரிக்கை: எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. டிக்கெட் போடும்போதே கிழமையைப் பாருங்கள்.

அந்தப் பையன் இப்போது கோயம்புத்தூரில் படிப்பதாகக் கேள்வி. நம் பழைய மாணவர்கள் யாராவது அவனுக்கு இந்தப் பதிவை அனுப்புங்கள். எழும்பூர்னு அன்னைக்கே சொல்லியிருக்கணும்டே.