ஆடவரின் மௌனம்

மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவிலும் தியாகராய நகர்ப் பனகல் பூங்காவிலும் விடியற்காலையில் உலாவ வரும் கனவான்கள், தம் சர்க்கரைக் கணக்கைக் கூச்சமின்றி ஒருவருக்கொருவர் உரைக்கின்றனர். ஆனால் அதே வியாதியின் மற்றொரு முகமாகிய ஆண்மைக் குறைவைப் பற்றி மனைவியிடத்தும் வைத்தியரிடத்தும் அவர்கள் வாய் திறப்பதில்லை. அம்மௌனத்தால் விளையும் கேட்டைக் குறித்தே இன்று எழுதத் துணிகிறோம்.

ஆடவர் தேகத்தில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோன் குறையுமாயின், இச்சை குன்றுவதோடு சதைவலிமை தளரும், கொழுப்பு மிகும், ஓயாத சோர்வு பற்றும். 2004-ஆம் வருஷத்தில் அமெரிக்காவின் பஃபலோ நகரில் டாக்டர் பரேஷ் தண்டோனாவும் அவர் கூட்டாளிகளும், இரண்டாம் வகை நீரிழிவுள்ள ஆடவரில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு இச்சுரப்புக் குறைந்திருக்கக் கண்டனர். வயிற்றில் திரளும் கொழுப்பு இச்சுரப்பில் ஒரு பகுதியைப் பெண்மைச் சுரப்பாக மாற்றுகிறது. மூளையிலிருந்து விரைகளுக்குச் செல்லும் கட்டளையும் தளர்கிறது. சுரப்புக் குறையக் குறையக் கொழுப்பு ஏறுகிறது. கொழுப்பு ஏற ஏறச் சுரப்புக் குறைகிறது.

தமிழ்நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்குப் பதினால்வருக்கு மேல் நீரிழிவு உண்டென 2023-ல் வெளியான அகில இந்திய ஆராய்ச்சி கூறிற்று. இடைச் சுற்றளவு 90 சென்டிமீட்டரை எட்டிய நம்மவர் எச்சரிக்கை கொள்ளவேண்டும். பகலெல்லாம் கூட்டங்களில் அமர்ந்து, நள்ளிரவில் பரோட்டா உண்ணும் தேசத் தொண்டர்களும் இதற்கு விலக்கல்லர்.

மௌனம் சாதிப்போரை நாடி வருபவன் லேகிய வியாபாரி. தாதுபுஷ்டி விளம்பரங்களின் வருமானத்தை முற்காலத் தமிழ்ப் பத்திரிகைகள் பல வேண்டாமென்று தள்ளவில்லை. நம் குலத்தார் பிழையை நாம் மறைப்பானேன்? இத்தகைய விளம்பரங்களுக்கு 1954-லேயே சட்டம் தடை விதித்தது. ஆயினும் சுவரொட்டிகள் ஓயவில்லை. இப்பொழுது கைபேசியிலும் புகுந்துவிட்டன.

ஊசி மருந்தை நாடுவோரும் உளர். இடை பெருத்து, நீரிழிவின் வாயிலில் நின்ற அல்லது அதிற் புதிதாக விழுந்த ஆடவரை இரண்டு வருஷம் ஆராய்ந்து ஆஸ்திரேலிய வைத்தியர்கள் 2021-ல் முடிவு வெளியிட்டனர். உணவுக் கட்டுப்பாடும் தேகப்பயிற்சியும் மட்டும் மேற்கொண்டவர்களில் நூற்றுக்கு 21 பேருக்கு முடிவில் நீரிழிவு இருந்தது. ஊசியும் சேர்ந்தவர்களில் 12 பேருக்கே இருந்தது. பலன் மெய்யே. ஆனால் ஊசி போட்டவர்களில் ஐவரில் ஒருவருக்கு இரத்தம் அளவு மீறித் தடித்தது. பிள்ளைப்பேற்றை விரும்பும் இளைஞனுக்கோ இம்மருந்து விந்து உற்பத்தியையே அடக்கிவிடும். உடல் எடையைக் கணிசமாகக் குறைத்தவர்க்குச் சுரப்புத் தானே உயர்வதுண்டு. அதற்குத் தடித்த இரத்தமும் இல்லை, மலட்டுத்தன்மையும் இல்லை.

2021-ல் மாகாண ஸர்க்கார் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ நற்காரியமே. எனினும் வீடு தேடி வரும் பெண் தொண்டரிடம் எந்த ஆடவன் இதைச் சொல்லுவான்? ஆதலின் நீரிழிவுக்கு மருந்து எழுதும் ஒவ்வொரு ஸர்க்கார் வைத்தியரும், கதவைச் சாத்திக்கொண்டு, இந்த ஒரு கேள்வியைத் தாமே கேட்கவேண்டும். குறையிருப்பதாகச் சொல்லுவோருக்குக் காலையில் வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்து, குறைவு தென்பட்டால் மறுமுறையும் சோதித்த பின்னரே சிகிச்சையைத் தீர்மானிக்கவேண்டும். சுகாதார மந்திரி இதற்கு உத்தரவிடுவாரா?