சந்திரதால் வேண்டாம், சாத்தால் போதும்

பள்ளிக்கூடம் லீவு விட்டா சரோஜினி நகர் தமிழ்க் குடும்பங்களுக்குத் தெரிஞ்ச ஒரே பயணம் ஊருக்குப் போறதுதான். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்ல டிக்கெட் கிடைச்சுதாங்கிறதே மே மாசப் பேச்சு. இந்தத் தடவை ஊருக்குப் போயிட்டு வந்த கையோட, ஏரிக்கரையில ஒரு ராத்திரி டென்ட்ல தங்கறதுன்னு எங்க வீட்ல முடிவாச்சு. எந்த ஏரிங்கிறதுலதான் சண்டை!

பையன் வீடியோ பார்த்துட்டு, ஹிமாச்சல்ல இருக்கிற சந்திரதால்தான்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். என் ஓட்டு நைனிதால் பக்கத்துல இருக்கிற சாத்தாலுக்கு.

வங்கிக்காரன் கணக்கு இது: மணாலி சுமார் 2,000 மீட்டர் உயரம். சந்திரதால் சுமார் 4,250. 3,000 மீட்டருக்கு மேல, படுக்கிற இடத்தோட உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல கூட்டாதேன்னு மலை மருத்துவர்கள் சொல்றாங்க. காலையில மணாலி, ராத்திரி சந்திரதால்னா என்ன ஆகும்? தலைவலி, வாந்தி, முத்தினா நுரையீரல்ல நீர் கோத்துக்கும். ஏழு வயசுக் குழந்தைக்கு என்ன பண்ணுதுன்னு சொல்லக்கூடத் தெரியாது. 2023 ஜூலையில அங்க பனி கொட்டி, கிட்டத்தட்ட 300 பேர் நாள்கணக்கா மாட்டிக்கிட்டதும் மறக்கலை.

சாத்தால் சுமார் 1,370 மீட்டர்தான், நம்ம ஏற்காட்டை விடக் குறைவு. ஓக், பைன் காட்டுக்கு நடுவுல சின்னச் சின்ன ஏரிகள், நிறையப் பறவைகள். வெள்ளி ராத்திரி பழைய தில்லியில ரயில் ஏறினா காலையில காத்கோதாம். அதுக்கு மேல தண்டவாளமே கிடையாது, டாக்ஸிதான். நமக்கு இரண்டாவது, நாலாவது சனி லீவு. ஒரு ராத்திரி தங்கி, ஞாயிறு ராத்திரி ரயில்ல திரும்பினா திங்கள் ஆபீஸ். ஜூலை, ஆகஸ்ட் மட்டும் வேண்டாம், மழையில மலைச்சரிவு வரும்.

ஸ்வெட்டருக்கு நம்ம மார்க்கெட்டே போதும் (திங்கள் லீவு, மறந்துடாதீங்க!). சாப்பாட்டுக்குத் தங்கமணியோட புளியோதரை. மிச்சத்தை டென்ட்டுக்குள்ள வைக்காதீங்க, குமாவுன் காட்டுல குரங்கும் உண்டு, சிறுத்தையும் உண்டு. குப்பையைக் கையோட எடுத்துட்டு வந்துடுங்க.

சின்ன ஏரிக்குப் போறது பயந்தாங்கொள்ளித்தனம்னு சில நண்பர்கள் கிண்டல் பண்றாங்க. என் கருத்து வேற. டென்ட் அடிக்கவும், இருட்டுல பயப்படாமத் தூங்கவும் பிள்ளைங்க முதல்ல கத்துக்கட்டும். அவசரம்னா ஆஸ்பத்திரிக்குச் சீக்கிரம் இறங்க முடியற இடத்துல கத்துக்கட்டும்.

பையன் இன்னும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுத்தான் இருக்கான். பரவாயில்லை. சந்திரதால் எங்கயும் ஓடிப்போயிடாது, அவன் வளர்ந்து போய்க்கட்டும் :-)